மலைவழிக் குதிரைக்குச் சமதளப் பயிற்சி

உழவு மாட்டையும் வண்டி மாட்டையும் பழக்கியவர்கள், பிராணியின் பலத்தைவிட அதன் பழக்கமே வேலைக்கு முக்கியமென்பதை அறிவார்கள். சவாரிக் குதிரைக்கும் இஃது ஒக்கும்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காட்டுவழியிலும் மலைவழியிலும் குதிரைமேல் செல்வோர் பலர். கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைவழியாக 1955-ஆம் ஆண்டில் தொடங்கிய டெவிஸ் கோப்பைச் சவாரியில், 24 மணி நேரத்துக்குள் 100 மைல் கடக்க வேண்டும். வழியில் கால்நடை வைத்தியர்கள் சோதித்து, நொண்டும் குதிரையை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வேகம் மட்டும் போதாது. குதிரை பழுதின்றி இருப்பதே பிரதானம்.

நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு முன்னங்கால்களிலேயே தங்குகிறது. சவாரி செய்பவரின் பாரமும் சேர்ந்தால், பயிற்சியில்லாக் குதிரை முதுகைத் தாழ்த்தி, தலையைத் தூக்கி, முன்புறம் சாய்ந்து நடக்கும். இறக்கத்தில் இடறும். அச்சத்தால் லகானை இழுத்தால் வாய் நோகும். நோவினால் தலையை மேலும் உதறும். இவ்வாறே முதுகும் முன்னங்கால் நரம்புகளும் கெடுகின்றன.

இதற்குப் பரிகாரம் டிரெஸ்ஸாஜ் என்னும் பயிற்சிமுறை. பிரெஞ்சு மொழியில் இதன் பொருள் பழக்குதல் என்பதே. கி. மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கராகிய ஸெனபோன் குதிரைப் பயிற்சி பற்றி நூலெழுதி, கோபத்துடன் குதிரையை அணுகலாகாது என வற்புறுத்தினார். 1912 முதல் இது ஒலிம்பிக் போட்டியிலும் இடம்பெற்றுள்ளது. நமக்கு வேண்டியது போட்டியன்று. அதன் அடிப்படை மட்டுமே.

முதலாவது, ஒரே சீரான நடை. நடக்கையில் நான்கு குளம்புகளும் தனித்தனியே ஒலிக்க வேண்டும். விரைவதும் தயங்குவதும் கூடா.

இரண்டாவது, வட்டம். சுமார் 66 அடி, அதாவது 20 மீட்டர், குறுக்களவுள்ள வட்டத்தில் இருபுறமும் சமமாகச் சுற்றுக. உட்புறக் காலை வயிற்று வாரின் அருகே வைத்து அழுத்தி, வெளிப்புற லகானால் தாங்கினால் உடல் வட்டத்துக்கேற்ப வளையும். ஒருபக்கம் விறைத்த குதிரை நாளடைவில் இளகும்.

மூன்றாவது, நடையிலிருந்து நிற்றல், நின்று மறுபடி நடத்தல். முதலில் இருக்கையை நிலைநிறுத்தி, பிறகே லகானை இலேசாகப் பிடிக்க வேண்டும். குதிரை இணங்கிய கணமே பிடியைத் தளர்த்துக. அதுவே அதற்குச் சன்மானம். பின்னங்கால்கள் உடலின் கீழ் வந்து பாரம் தாங்கப் பழகுவது இதனால்தான்.

நான்காவது, காலின் தொடுகைக்குப் பக்கவாட்டில் விலகுதலும் சில அடி பின்வாங்குதலும். பள்ளத்தின் விளிம்பை விட்டு விலகவும், திரும்ப இடமில்லாத ஒற்றையடிப் பாதையில் மீளவும் இவை உயிர்காப்பன.

எச்சரிக்கை: கையால் தலையைக் கீழே இழுத்து வளைக்க முயலலாகாது. சேணம் முதுகில் பொருந்துகிறதா, பற்கள் சரியா என்று முன்னரே பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் 20 முதல் 30 நிமிஷம் போதும். ஆடுபவரின் கீழ் எந்தக் குதிரையும் நிலையாக நடவாது. ஆதலின் சவாரி செய்பவரும் தம் இருக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இப்பயிற்சிக்காக மலைவழியை விட்டுவிட வேண்டுவதில்லை. மரத்தைச் சுற்றி வட்டமிடலாம். ஒவ்வோர் இறக்கத்துக்கு முன்னும் ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம். சமதளத்தில் இலேசான பிடிக்கு நிற்காத குதிரை சரிவில் நிற்குமென எதிர்பார்ப்பது வீண்.