பாலே நர்த்தகியின் கரங்கள்

பாலே நடனத்தைக் காண்போரின் கண்கள் நர்த்தகியின் பாதங்களையே நாடிச் செல்வது இயல்பு. ஆயினும், கால்விரல் நுனியில் நின்று சுழலும் வித்தையைப் பலரும் அப்பியாசத்தால் அடைந்துவிட, ஒரு நர்த்தகியை ஏனையோரினின்று உயர்த்திக் காட்டுவது இடைக்கு மேற்பட்ட அவயவங்களின் லாவண்யமே என்பது என் துணிபு. ரஷ்ய நடன அமைப்பாளர் மிஷேல் ஃபோக்கின், நர்த்தகி அன்னா பாவ்லோவாவுக்கென அமைத்துக் கொடுத்த 'மரணிக்கும் அன்னம்' என்னும் நடனம் இதற்குத் தக்க சான்று: அதில் பாதங்கள் சிற்றடி வைத்து நகர்வதோடு அமைய, உயிர் பிரியும் வேதனை முழுவதையும் கரங்களும் கழுத்தும் முதுகுமே உரைக்கின்றன.

கரங்களை இவ்வாறு இயக்கும் பயிற்சிக்குப் பாலேயில் 'போர் த பிரா' என்று பெயர். ரஷ்யாவின் மாரின்ஸ்கி அரங்கில் ஆடி ஓய்வு பெற்று, ரஷ்யப் புரட்சிக்குப் பின் லெனின்கிராடில் ஆசிரியையாக விளங்கி, கலீனா உலனோவா முதலிய நர்த்தகியரை உருவாக்கிய அக்ரிப்பினா வாகனோவா அம்மையார் (1879–1951), 1934-இல் வெளியிட்ட தமது நூலில் இதற்குப் பிரதான ஸ்தானம் அளித்தார். கரங்கள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல, தாவுதலுக்கும் சுழலுதலுக்கும் அவையே துணை நிற்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

கரம் தோளில் தொடங்குவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதன் மூலம் முதுகில் இருக்கிறது. தோள்பட்டை எலும்பு, காறையெலும்பு ஒன்றின் வழியாக மட்டுமே உடற்கூட்டின் எலும்புகளோடு தொடர்புற்று, மற்றபடி தசைகளின் பிடிப்பிலேயே விலாக்களின் மேல் நிலைபெற்றிருக்கிறது. கையைப் பக்கவாட்டாகத் தலைக்கு மேல் 180 பாகை உயர்த்தும்பொழுது, ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டிலும், எஞ்சிய 60 பாகை அவ்வெலும்பு மேல்நோக்கிச் சுழல்வதாலும் நிகழ்கின்றன. இச்சுழற்சியை நடத்தும் தசைகள் பலவீனமாயிருந்தால், கழுத்தோரத் தசை அந்த வேலையைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள, தோள் காதை நோக்கி எழும்பிக் கழுத்து குறுகிவிடுகிறது. அதைக் கண்டு, "தோளைக் கீழே அழுத்து" என்று ஆசிரியர் சிலர் ஆணையிடுவது பிழையானது. அழுத்தினால் சுழல வேண்டிய எலும்பும் கட்டுண்டு போகும். கழுத்தை நீட்டி முதுகை அகல விரிக்கச் சொல்வதே உசிதம்.

கரங்களை இருபுறமும் விரிக்கும் இரண்டாம் நிலையில் அவை தோளுக்குச் சற்று முன்னும், முழங்கை தோளைவிடத் தாழ்ந்தும், மணிக்கட்டு அதனினும் தாழ்ந்தும் இருத்தல் வேண்டும். தோளில் விட்ட நீர்த்துளி விரல் நுனிவரை தடையின்றி வழிந்தோடுவது போன்ற சரிவு அது. முழங்கை தொங்கிவிட்டால் அந்தச் சரிவு அங்கேயே முறிகிறது.

மற்றொரு பிழை, கைகளை உயர்த்துகையில் விலாக்கள் முன்தள்ளி இடுப்புக்கு மேல் முதுகு வளைவது. முழங்கால்களை மடித்துத் தரையில் மல்லாந்து படுத்து, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே இரு கரங்களையும் தலைக்கு மேல் கொண்டுசென்றால் இப்பிழை தானே வெளிப்படும். முதுகு தரையினின்று எழும்பத் தொடங்கும் இடத்தில் கையை நிறுத்தி, மீண்டும் தொடங்குக. நாள்தோறும் சில நிமிஷங்கள் இதனைச் செய்க. தோளில் வலி தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண்க.