சமையல் மேடைக்கு எந்தக் கல்?

சகோதரிகளே! சமையல் மேடைக்குக் கல் வாங்கச் செல்வோர் பெரும்பாலும் அதன் நிறத்தையும் பளபளப்பையுமே பார்க்கின்றனர். பல குடும்பங்களில் அது கடல் கடந்து உழைப்பவர் அனுப்பிய பணம். அதனைச் செலவிடுமுன், நமது அடுப்படியில் நாள்தோறும் நடப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். புளியாணத்துக்குப் புளி கரைக்கிறோம், எலுமிச்சை பிழிகிறோம், இறைச்சியைத் தயிரில் ஊறவைக்கிறோம். புளிப்பும் மஞ்சளும் எண்ணெயும் தாங்காத கல் நமக்கு உதவாது.

கல்லின் குணம்

சலவைக்கல் சுண்ணாம்புத் தன்மை உடையது. புளிப்பு பட்ட இடம் அரிக்கப்பட்டு மங்கிவிடும். அது கறையன்று, எனவே கழுவினாலும் போகாது. மீண்டும் மெருகேற்றத்தான் வேண்டும். விலை மலிவான கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லே. அதனை மேடைக்கு அடியிலுள்ள தட்டுகளுக்குப் பயன்படுத்தலாம்.

கிருஷ்ணகிரி, மதுரைப் பகுதிகளில் வெட்டியெடுக்கப்படும் கிரானைட், புளிப்பையும் சூட்டையும் நன்கு தாங்கும். வெளிர் நிறக் கிரானைட் சில எண்ணெயை உறிஞ்சும். கருநிறக் கற்கள் பொதுவாகக் குறைவாகவே உறிஞ்சும். கல்தூளைப் பிசினுடன் கலந்து செய்யப்படும் குவார்ட்ஸ் பலகையில் கறை எளிதில் இறங்காது. ஆனால் கொதிக்கும் தேக்சாவை வைத்தால் பிசின் கருகிவிடும்.

சோதித்து வாங்குங்கள்

கடையில் ஒரு துண்டுக் கல்லைக் கேட்டு வாங்குங்கள். அதன்மீது சில துளி தண்ணீரும், வேறோரிடத்தில் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். தண்ணீர் பட்ட இடம் கறுத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது. சாறு பட்ட இடம் மங்கினால் அது அடுப்படிக்கு ஆகாது. கறுப்புக் கல்லை நகப்பூச்சு அகற்றும் திரவம் தோய்த்த வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அது சாயமேற்றிய கல்.

பராமரிப்பு

மென்மையான சோப்பு நீரும் துணியும் போதும். அமிலமும் இரும்பு நாரும் வேண்டாம். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, மூடி, மறுநாள் துடையுங்கள். கிரானைட்டே ஆயினும் தேக்சாவைப் பிரிமணையில் வையுங்கள். ஒரே இடத்தில் திடீரெனச் சூடேறினால் விரிசல் விழக்கூடும். குர்பானி இறைச்சியைப் பலகையில் வைத்து நறுக்கி, மேடையை உடனே சோப்பிட்டுக் கழுவுங்கள்.

அறுப்பவரின் மூச்சு

கல்லை அறுக்கையில் எழும் தூளிலுள்ள சிலிக்கா, தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும். குவார்ட்ஸ் பலகையில் அது மிக அதிகம். இதனாலேயே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இத்தகைய செயற்கைக் கற்பலகைகளைத் தடை செய்தது. எந்தக் கல்லாயினும் தண்ணீர் விட்டே அறுக்கச் சொல்லுங்கள். தூளைத் தடுக்கும் முகமூடிக்கு ஆகும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வேலை நடக்குமிடத்தில் குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

வீண் விரயத்தைத் தடுத்த மார்க்கம், நமக்காக உழைப்பவரின் நலம் பேணுவதையும் கடமையாக்கியிருக்கிறது. இரண்டையும் பேணி அமைத்த அடுப்படியில் இன்ஷா அல்லாஹ் பரக்கத் நிலைக்கும்.