கருவூலம் மறந்த தேதி

பனியன் கம்பெனிக்குப் போகும் மகனின் சனிக்கிழமைச் சம்பளம் ஆர்டரைப் பொறுத்துக் கூடும், குறையும். மூலனூர்ப் பக்கம் பல வீடுகளில் மாதம் பிறந்தால் நிச்சயம் என்று சொல்லக்கூடிய பணம் பெரியவர்களின் பென்ஷன்தான். அதிலேயே கணக்குப் பிசகினால்?

ஓய்வுபெற்ற அரசு ஊழியர் இறந்தால், மனைவிக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் கடைசிச் சம்பளத்தில் பாதிவரை குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். பிறகு 30 சதவீதம். எந்தத் தேதியில் குறைக்க வேண்டும் என்பது ஓய்வூதிய ஆணையிலேயே இருக்கும். அதைக் கருவூலம் கவனிக்காமல் விட்டால் பழைய தொகையே வந்துகொண்டிருக்கும். சம்பளம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய் கூடுதல். மூன்று வருடத்தில் 3,60,000. அகவிலைப்படி தனி. தணிக்கையில் பிடிபட்டதும் திருப்பிக் கட்டச் சொல்லி அந்த அம்மாவுக்கு நோட்டீஸ் வரும். "ஏனுங்க சார், நானாவா கேட்டு வாங்குனனுங்க?" என்று கேட்பதைத் தவிர அவர் என்ன செய்வார்? மாத்திரைக்கும் பேத்தி ஃபீஸுக்கும் போன பணம் அது.

அவர் கேட்பதில் நியாயம் உண்டு என்கிறது உச்ச நீதிமன்றம். ரஃபீக் மசீ வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பின்படி, ஓய்வுபெற்றவர்களிடமும், சி, டி பிரிவு ஊழியர்களிடமும், ஐந்தாண்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்த இனங்களிலும் வசூலிக்கக் கூடாது. குடும்ப ஓய்வூதியர்களும் இதைக் காட்டியே வழக்காடுகிறார்கள். கேரளத்தில் 1999இல் ஓய்வுபெற்று, இதேபோல் கூடுதல் தொகையைத் திருப்பிக் கேட்கப்பட்ட தலைமையாசிரியர் தாமஸ் டேனியலுக்கு உயர் நீதிமன்றம் கைகொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைத்தது 2022 மே மாதம். இருபத்து மூன்று வருடம்! இந்த நிவாரணத்தை உரிமை என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை. கஷ்டத்தைப் பார்த்துக் காட்டும் சலுகைதான். தெரிந்தே வாங்கினவருக்கு அதுவும் கிடையாது. தவிர, இனி வரும் மாதங்களின் தொகையைச் சரியான அளவுக்குக் குறைப்பதை யாராலும் தடுக்க முடியாது.

சிக்கல் கையெழுத்தில் இருக்கிறது. 'கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்தவர் கட்டியே ஆக வேண்டும் என்றது 2016இல் வந்த ஜக்தேவ் சிங் தீர்ப்பு. ஜக்தேவ் சிங் நீதித்துறை அதிகாரி. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். பென்ஷன் தொடங்கும்போது கட்டாக நீட்டப்படும் தாள்களில் காட்டிய இடத்தில் கையெழுத்திடும் விதவைக்கும் அதே அளவுகோலா? எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே நோட்டீஸ் வந்தால் பதற்றத்தில் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து கூடுதல், கணக்கு விவரம் என்ன, உறுதிமொழி இருந்தால் அதன் நகல் எங்கே என்று எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டத்தான் வேண்டும் என்றாலும் ஒரே மூச்சில் பிடிக்க விடாதீர்கள். ஜக்தேவ் சிங்குக்கே இரண்டு வருடத் தவணை கிடைத்தது.