மீற்றர் பெட்டி இருண்டால் மாற்றத்தான் வேண்டுமா?

"தம்பி, எஞ்சின் நல்லா ஓடுது. மீற்றர்தான் செத்துப்போச்சு. முழுப் பெட்டியையும் மாத்தச் சொல்லுறாங்கள்."

"பொறுங்கோ ஐயா. கையால மெதுவாத் தட்டிப் பாத்தனீங்களோ?"

"தட்டினால் வருது. பிறகு போகுது."

"அப்ப அது சாகேல்லை."

காலபோக உழவு தொடங்கும் நாள்களில் பட்டறை வாசலில் இப்படியான பேச்சைக் கேட்கலாம். இடம்பெயர்ந்த குடும்பத்துக்குச் சொந்த வயல் கைவிட்டுப் போனாலும், கூலிக்கு உழ ஓர் உழவு இயந்திரம் இருந்தால் அடுப்பு எரியும். மீற்றர் பெட்டி இருண்டதும் சிலர் அதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆபத்து அங்கேதான். றேடியேற்றரில் தண்ணீர் வற்றி எஞ்சின் கொதிப்பதைச் சொல்ல அந்த முள்ளும், எண்ணெய் அழுத்தம் விழுவதைச் சொல்ல அந்தச் சிவப்பு விளக்குமே உண்டு. மீற்றரைப் பார்க்கப் பஞ்சிப்பட்டவர் பிறகு எஞ்சின் ஹெட்டைக் கழற்ற நேரிடும்.

புதுப் பெட்டிக்குக் கடன்படுவதும் பல வேளைகளில் வீண். பெட்டியின் உள்ளே ஒரு மின்சுற்றுப் பலகை இருக்கிறது. தடையி, கொள்ளளவி, இணைப்பு ஊசி எல்லாம் அதில் பற்றாசினால் (ஈயம் என்றே பலரும் சொல்வர்) ஒட்டப்பட்டிருக்கும். வரம்பேறி இறங்கும் குலுக்கல் ஒருபக்கம், பகலில் சூடேறி இரவில் ஆறுவது மறுபக்கம். சூடேறும்போது செம்பும் பற்றாசும் பலகையும் ஒரே அளவில் விரிவதில்லை. காலம் போக ஊசியைச் சுற்றி மயிரிழைபோல வட்டமாக வெடிப்பு விழுகிறது. காலைக் குளிரில் எரிந்து மதியம் அணைந்தால், அல்லது தட்டியதும் உயிர்பெற்றால், இந்த வெடிப்பைச் சந்தேகியுங்கள். ஆனால் அதற்கு முன் பியூஸ், பற்றரி முனை, ஏர்த் வயர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அங்கேயே தீர்ந்துபோகும் கோளாறுகளும் உண்டு.

வேலை தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். பெட்டியை எடுத்துத் திறக்கும்போது முள்ளைத் தொடாதீர்கள். ஊசிகள் ஒட்டியுள்ள பக்கத்தைத் திருப்பி, வெளிச்சம் சரிவாக விழும்படி பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். வயர் செருகும் இணைப்பின் ஊசிகள், சூடாகும் பெரிய தடையிகள், பெரிய கொள்ளளவிகள், இவற்றின் அடியில்தான் வெடிப்பு அதிகம் ஒளிந்திருக்கும். நல்ல ஒட்டு சிறு குன்றுபோலச் சரிந்து ஊசியைப் பிடித்திருக்கும். பழுதான ஒட்டில் ஊசியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும்.

25 முதல் 40 வாற்று வரையான பற்றாசுக்கோல் போதும். மின்சாரம் இல்லாத இடத்தில் 12 வோல்ற்று பற்றரியில் சூடாகும் கோலும் உண்டு. அதற்கு, கழற்றி வைத்த வேறொரு பற்றரியைப் பயன்படுத்துங்கள். நடுவில் பிசின் உள்ள மெல்லிய பற்றாசுக் கம்பியே வேண்டும். வாளி, தகரம் ஒட்டுபவர் பூசும் அமிலத்தைப் பலகையில் ஒருபோதும் பூசாதீர்கள். அன்று எரியும், ஆனால் சில மாதங்களில் செம்புக்கோட்டையே அரித்துவிடும். இதை அறியாமல் கெடுத்த பலகைகள் பல.

கோலின் நுனியைத் துடைத்து, ஊசியும் செம்பு வட்டமும் ஒன்றாகச் சூடேற வையுங்கள். சிறிது புதுக்கம்பியைத் தொடுங்கள். இரண்டு மூன்று செக்கனில் பழைய பற்றாசும் உருகிக் கலந்துவிடும். கோலை எடுத்து, ஆறும்வரை அசைக்காதீர்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த 63/37 கம்பி 183 பாகை செல்சியசில் உருகும். ஈயமில்லாத பற்றாசுக்கு ஏறத்தாழ 217 பாகைக்கு மேல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 யூலையில் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பின் ஈயமில்லாத ஒட்டுகள் பெருகின. ஆகையால் உருகச் சற்றுத் தாமதித்தால் பதறவேண்டாம். அதற்காகக் கோலை நெடுநேரம் அழுத்தினால் செம்பு வட்டம் உரிந்துவிடும். அதை ஒட்டுவது பெரும்பாடு. பக்கத்து ஊசியோடு பற்றாசு பாலம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்களில் சில கோடுகள் மட்டும் மறைந்திருந்தால் அது வேறு கதை. அந்தக் கண்ணாடித் திரை பல பெட்டிகளில் கோடிட்ட இறப்பர் பட்டியொன்றினால் பலகையுடன் தொடர்புபடுகிறது. பட்டியையும் அது தொடும் இடத்தையும் ஸ்பிரிற்றில் தோய்த்த துணியால் மெதுவாகத் துடைத்து, பழையபடி நேராக வையுங்கள். அங்கே பற்றாசுக்கோலுக்கு வேலை இல்லை.

ஈயம் நஞ்சு. ஓர் அறையிலேயே சமைத்து உறங்கும் குடும்பங்கள் இவ்வேலையை வெளியே, மரநிழலில் செய்யட்டும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். சிந்திய துணுக்குகளைப் பொறுக்கி எடுத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்பே சாப்பிடுங்கள். காற்றுப்பை உள்ள வானின் ஸ்ரியரிங் பக்கம் கைவைக்க வேண்டாம். அதைப் பழகியவரிடம் விடுங்கள்.

பெட்டியைப் பூட்டியபின் எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு, சூடேறியதும் மறுபடி தட்டிப் பாருங்கள். அணையாவிட்டால் உழவுக்குப் போகலாம். அணைந்தால், தவறவிட்ட ஊசி ஒன்று இன்னும் இருக்கிறது. திரும்பவும் பூதக்கண்ணாடியை எடுங்கள்.