அட்டையில் எழுதிய தேதிகள்

"ஒரு ஊசி போட்டிருந்தோமே டாக்டர், அப்புறம் எப்படி இது வந்தது?"

கால்நடை மருந்தகத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். கேட்பவர் மடியில், பழைய துண்டுக்குள் சுருண்டு, தலையைத் தூக்கவும் தெம்பில்லாமல் ஒரு குட்டி கிடக்கும். இரண்டு நாளாக வாந்தி, ரத்தக் கழிச்சல். அவர் கையில் மடித்த அட்டை ஒன்று. அதில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஒரே ஒரு சீட்டு, பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்து. அதற்குக் கீழே பேனாவால் குறித்த இரண்டு தேதிகள். இரண்டும் கடந்துபோனவை.

அந்தத் தேதிகளை நாம் ஏதோ தவணைத் தேதி போல எண்ணிக்கொள்கிறோம். நாலு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகிவிடும்? எங்கள் நாய் மணி வீட்டுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒவ்வொரு தேதிக்கும் பின்னால், குட்டியின் உடம்புக்குள் ஓடும் ஒரு கணக்கு இருக்கிறது என்று தெரிந்தபோது உண்டான வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

குட்டியை இப்படித் துவளவைப்பது பெரும்பாலும் பார்வோ வைரஸ். நாய்களுக்கு இது மிகப் புதிய நோய். மனிதரோடு பல ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட நாய் இனம் 1970களுக்கு முன் இதை அறிந்ததே இல்லை. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு இது நெருங்கிய சொந்தம். அதன் மேலுறைப் புரதத்தில் நேர்ந்த சில சின்ன மாற்றங்களால், நாயின் செல்கள் இரும்புச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் வாசலில் ஒட்டிக்கொள்ள அதற்கு வழி கிடைத்தது. 1978-ல் பல நாடுகளில் நாய்கள் கொத்துக் கொத்தாக மடிந்தன. இரண்டே ஆண்டுக்குள் நோய் உலகைச் சுற்றிவிட்டது.

வேகமாகப் பெருகும் செல்களையே இந்த வைரஸ் தேடும். தன்னைப் படியெடுத்துக்கொள்ள அவற்றின் கருவிகள் அதற்கு வேண்டும். குட்டியின் உடம்பில் அப்படிப் பெருகுபவை குடலின் உள்பூச்சும் எலும்பு மஜ்ஜையும். குடல் உரிந்து ரத்தமாகக் கழிகிறது. அதே நேரத்தில், எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளணுக்கள் பிறக்கும் ஊற்றும் வற்றிப்போகிறது. கழிவோடு மண்ணில் விழுந்த வைரஸ் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். சோப்புத் தண்ணீரால் அதைக் கொல்ல முடியாது, ப்ளீச்சிங் கரைசல் வேண்டும்.

இதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ்தான் அந்த மருந்து. சரியான சமயத்தில் போட்டால் ஒரு முறையே போதும். அப்படியானால் மூன்று நான்கு முறை எதற்கு? பலர் நினைப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி ஏற்றுவதற்கு இல்லை. அந்தச் சரியான சமயம் எது என்று வெளியிலிருந்து யாராலும் பார்த்துச் சொல்ல முடியாததால்தான்.

குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்பொருள் மிகக் கொஞ்சமே இருக்கும். கருவில் தாயிடமிருந்து கடந்து வருவது சொற்பம். மிச்சமெல்லாம் சீம்பாலில் வருகிறது. பிறந்த முதல் நாளில் குட்டியின் குடல் அந்தப் பெரிய புரதங்களைச் செரிக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடுகிறது. ஒரு நாள் கழிந்ததும் அந்த வழி அடைபட்டுவிடும். அதன்பின் எவ்வளவு பால் குடித்தாலும் அது வெறும் உணவுதான்.

அப்படி வாங்கிக்கொண்ட தாய்ச்சொத்து சுமார் பத்து நாளுக்கு ஒரு முறை பாதியாகிறது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டிமோதி முதலில் முலையைப் பிடித்த கொழுகொழு குட்டிக்கு 1,024 பங்கு கிடைத்தது என்று வைப்போம். கடைசியாகப் பிறந்து ஓரமாகத் தள்ளப்பட்ட சவலைக்கு 128. முதல் குட்டியின் 1,024 பங்கு 512 ஆகி, 256 ஆகி, 128-க்கு இறங்க முப்பது நாள் ஆகும். சவலைக்கு ஆறாவது வாரத்தில் தீர்ந்துபோகும் காப்பு, அதன் அண்ணனுக்குப் பத்தாவது வாரம் வரை நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் துள்ளிக்கொண்டிருக்கும்.

தாயின் எதிர்ப்பொருளுக்குத் தெருவிலிருந்து வந்த வைரஸ் எது, ஊசியிலிருந்து வந்த வைரஸ் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் அழிக்கும். ஆறாவது வாரத்தில் அண்ணனுக்குப் போட்ட ஊசி அதனால்தான் வீணாகிறது. குட்டியின் சொந்தப் பாதுகாப்புப் படை அந்த வைரஸைக் கண்ணால் காண்பதற்கு முன்பே தாயின் காப்பு அதைத் துடைத்துவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. காப்பு இறங்கிக்கொண்டே வரும்போது, ஊசியின் மெலிந்த வைரஸை அழிக்கப் போதுமானதாகவும் தெருவின் முரட்டு வைரஸைத் தடுக்கப் போதாததாகவும் ஒரு காலம் வரும். இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீளும் அந்த இடைவெளியில் குட்டிக்குத் தாயும் காவல் இல்லை, ஊசியும் காவல் இல்லை.

அதனால் மருத்துவர்கள் வலை வீசுகிறார்கள். ஆறு முதல் எட்டாவது வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறாவது வாரம் தாண்டும் வரை. தாய்ச்சொத்து எந்த நாளில் தீர்ந்தாலும் அதற்குப் பின் சீக்கிரமே ஓர் ஊசி காத்திருக்கும். ஆகவே எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசி ஊசி. "குட்டி நன்றாகத்தானே இருக்கிறது" என்று பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதைத்தான். பிறகு ஆறாவது மாதத்திலோ ஒரு வயதிலோ இன்னொன்று, வலையில் தப்பிய அபூர்வக் குட்டிக்காக. அதன்பின் பார்வோவுக்கும் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் உடம்பு பல ஆண்டுகள் நினைவு வைத்திருக்கும். மூன்றாண்டுக்கு ஒரு முறைக்கு மேல் தேவைப்படாது என்பதே இன்றைய உலகளாவிய வழிகாட்டல். எலிக்காய்ச்சலுக்கான காப்பு ஓராண்டுதான் தாங்கும். மழைநீர் தேங்கும் ஊர்களில் அதை ஆண்டுதோறும் விடாமல் போட வேண்டும்.

இதே வாரங்களில் வேறொரு கதவும் திறந்து மூடுகிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965-ல் நூலாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அது அதற்குச் சொந்த உலகமாகிறது. பழகாத மனிதர், வண்டிச் சத்தம், குடை எல்லாம் பின்னாளில் பயமாகிறது. நோய்க்குப் பயந்து வீட்டுக்குள் பூட்டிவைத்தால் இந்தக் கதவு மூடிவிடும். தெருவில் இறக்கிவிட்டால் பார்வோ. எனக்குப் பிடித்த தீர்வு எளியது: குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போங்கள். கண்ணும் காதும் மூக்கும் ஊரைப் படிக்கட்டும், கால் மட்டும் மண்ணில் படவேண்டாம்.

வெறிநோய் ஊசியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு வார வயதுக்கு மேல் ஒன்று, ஓராண்டு கழித்து ஒன்று, அதன்பின் நம் ஊரில் வழக்கமாக ஆண்டுதோறும். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டதே இந்த நோய்க்காகத்தான். கடிபட்டவர் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட காலத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் வழியாக வருகிறது. ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும்.

குடற்புழுக் கதை இதைவிட விசித்திரம். தாய் நாயின் தசைகளில் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக்கிடக்கும். மருந்து அவற்றை எளிதில் எட்டாது. தாய் சினையாகி ஆறு வாரம் ஆனதும் அவை விழித்துக்கொண்டு கருவிலிருக்கும் குட்டிக்குள் இறங்குகின்றன. பிறந்து மூன்று வாரத்திலேயே குட்டியின் குடலில் வளர்ந்த புழு இருக்கக்கூடும். கண் திறந்து சில நாளே ஆன குட்டிக்கு இரண்டாவது வாரத்தில் பூச்சி மருந்தா என்று தயங்குவோருக்கு இதுதான் பதில். எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் வயிற்றுக்குள்ளும் இந்தப் புழுவின் முட்டை போகும். அபூர்வமாகக் கண்ணைப் பாதிக்கும். நாய்க்குட்டிக்கு ஊற்றும் அந்த மருந்து வீட்டுக் குழந்தைக்கும் காவல்.

ராஜபாளையம் குட்டி வாங்குவோர் முதல் பரிசோதனையிலேயே காதைக் கவனிக்கச் சொல்வது நல்லது. வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அழகு. ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்களுக்கு உட்காதிலும் ஒரு வேலை இருக்கிறது: ஒலியை உணரும் மெல்லிய பகுதி வாழ்வதற்கான உப்புச் சமநிலையை அவை காக்கின்றன. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் பிறந்த சில வாரங்களில் அந்தக் காது செத்துவிடும். டால்மேஷியன் நாய்களிலும் இதே கதைதான். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை வீட்டில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு வருவது நடுவயது. அட்டையைப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிடும் ஆண்டுகள் இவை. நோய் இல்லை, எதற்கு மருத்துவர்? எடை பார்க்க, என்பேன். ஒரே ஈற்று லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாக இணைத்து 48 நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்தார்கள். நிறையத் தின்றவை நடுத்தரமாக 11.2 ஆண்டு வாழ்ந்தன, குறைத்துத் தின்றவை 13 ஆண்டு. எந்த ஊசியும் மாத்திரையும் இல்லாமல் ஏறத்தாழ இரண்டாண்டு கூடுதல் ஆயுள்! பிஸ்கட்டுக்காக நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் லாப்ரடாரைத் திட்டவும் வேண்டாம். பிரிட்டனில் சோதித்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் பசி நிஜமான பசி.

எடைக்கருவி இல்லாவிட்டால் உங்கள் கையே போதும். கையை விரித்துப் புறங்கையை மறு கையின் விரல்களால் தடவிப் பாருங்கள். நாயின் விலாவைத் தடவும்போது அப்படித் தட்டுப்பட்டால் உடம்பு சரி. உள்ளங்கை போல மெத்தென்றிருந்தால் கொழுப்பு. மடக்கிய முஷ்டியின் மொளி போலத் துருத்தினால் மெலிவு.

கருத்தடை செய்யாத பெட்டை நாயின் அட்டையில் இன்னொன்றையும் குறித்துவைக்கச் சொல்வேன்: கடைசியாகப் பருவத்துக்கு வந்த தேதி. அதற்குப் பிந்தைய வாரங்களில் அது அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். கருத்தடை வழக்கமில்லாத ஸ்வீடனில் பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டைக்கு அது வந்தது.

முதுமையில் அட்டையை மீண்டும் தேடி எடுக்க வேண்டும். சிறுநீரகம் போலப் பொறுமையான உறுப்பு வேறில்லை. தன் வடிகட்டிகளில் முக்கால் பங்கு பழுதாகும் வரை அது ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை ஏறவிடாது. மிச்சமிருப்பவை சேர்த்து உழைத்துச் சமாளிக்கும். அதற்கு முன்பே ஒரு துப்பு கிடைக்கும். காலைச் சிறுநீரில் ஒரு சொட்டை எடுத்து ஒளிவிலகல் பார்க்கும் சின்னக் கருவியில் விட்டால் அதன் அடர்த்தி தெரியும். மூன்றில் இரண்டு பங்கு பழுதாகும்போதே சிறுநீர் நீர்த்துப்போகத் தொடங்கிவிடும். வீட்டில் நாம் காண்பதெல்லாம் தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவதுதான், "வெயில் காலம்" என்று சொல்லிவிடுவோம். அதனால் ஏழெட்டு வயதிலிருந்தே ஆண்டுக்கொரு முறை ரத்தமும் சிறுநீரும் பார்ப்பது நல்லது. ஆய்வகம் அச்சிட்டுத் தரும் இயல்பு எல்லை எல்லா நாய்க்கும் பொதுவானது. அந்த எல்லைக்குள்ளேயே உங்கள் நாயின் எண் போன வருடத்திலிருந்து மெல்ல ஏறியிருந்தால் மருத்துவரின் கண் அங்கேதான் நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க நாய் நன்றாக இருந்த நாளின் எண் வேண்டும்.

மணி பொமரேனியன் கலப்பு. இப்போது பதினொரு வயது. சென்ற ஆண்டுப் பரிசோதனையில் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை அதன் இடது விலாவில் வைத்து வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார். சின்ன உருவ நாய்களுக்கு வயதானால் இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னுக்குக் கசியும். அந்தக் கசிவின் ஓசையை அவர் கேட்டார். மணிக்கு எந்தக் குறையும் இல்லை; அன்று மாலையும் படியேறி ஓடியது. மாத்திரை எதுவும் உடனே தரவில்லை. ஒரு வேலை மட்டும் சொன்னார்: நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதிவாருங்கள். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கினால், இருமலுக்கு முன்பே அந்த எண் ஏறும். முப்பதைத் தாண்டி நின்றால் அன்றே கூட்டிவர வேண்டும்.

இரவு பத்து மணிக்கு அது வாசல் மிதியடியில் பக்கவாட்டில் படுத்துவிடும். விளக்கைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்கிறேன். விலா ஏறி இறங்குவது ஒன்று. அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதிவருகிறேன். நேற்று 22.