மெய்த்தட்டும் தருக்கத்தட்டும்

ஓர் ஏட்டுப்பிரதி செல்லரித்துப் போனால் மற்றொரு பிரதியைப் பார்த்து அக்குறையை நிரப்பலாம். பிரதி ஒன்றே ஒன்றாயின் செல்லரித்த இடம் என்றென்றும் வெற்றிடமே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றிய காலத்தும், வீரசோழியம், சூளாமணி முதலியவற்றைப் பதிப்பித்த காலத்தும், பல இடங்களிலிருந்து பிரதிகளைத் தேடி வருவித்து ஒப்புநோக்கியமை இக்காரணம் பற்றியேயாம். ஒன்றில் அழிந்தது மற்றொன்றில் எஞ்சியிருக்கும் என்பதே அப்பெரியாரின் நம்பிக்கை.

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது நூல்களும் சுவடிகளுமாக ஏறத்தாழ 97,000 அழிந்தன என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அவற்றுள் வேறிடத்திற் பிரதி உள்ளவற்றை மீண்டும் தேடிப் பெறலாம். பிரதி இல்லாதவை போயினவே. பின்னர் 2005ஆம் ஆண்டில் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலக முயற்சி தொடங்கி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் கல்லூரி மலர்களையும் படம்பிடித்து இணையத்தில் வைத்து வருகின்றது. ஏடு தாளாகியது, தாள் இப்பொழுது கணினித் தட்டில் ஏறுகின்றது. ஏறிய தட்டும் அழியும் இயல்பினதே. ஆதலின் வங்கியும் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் தத்தம் தரவை வைத்திருக்கும் பெருந்தட்டு வரிசைகள் எவ்வாறு ஒழுங்குசெய்யப்படுகின்றன என்பதனை இம்மலரின் வாசகர்க்கு இயன்றவரை எளிமையாகக் கூற விழைகின்றேன். அவ்வொழுங்கு எதனைக் காக்கும், எதனைக் காவாது என்பதையும் இறுதியிற் கூறுவேன். கற்றோரும் பிழைபடுவது அவ்விடத்தேதான்.

1988ஆம் ஆண்டிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அக்காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 3380 என்னும் பெருந்தட்டு 7,500 மெகாபைட்டுக் கொள்ளும். விலையோ மிகப் பெரிது. மேசைக் கணினிக்கென வந்த சிறுதட்டு 100 மெகாபைட்டே கொள்ளும், விலை மலிவு. பெரிய ஒன்றுக்குப் பதிலாகச் சிறியன 75ஐ ஒன்றாகப் பூட்டினால் என்ன என்பது அவர்கள் எழுப்பிய வினா. கொள்ளளவு நிகராகும், பல தட்டுகள் ஒருங்கே ஓடுதலின் வேகமும் மிகும். ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு சிறுதட்டு சராசரியாக 30,000 மணிநேரம் பழுதின்றி ஓடுமெனின், அத்தகைய தட்டுகள் நூறு சேர்ந்த வரிசையில் 300 மணிநேரத்துக்கு ஒரு முறை ஏதேனும் ஒன்று பழுதாகும் என எதிர்பார்த்தல் வேண்டும். இரண்டு வாரமும் தாங்காத களஞ்சியத்தை யார் வாங்குவர்? ஆகவே பழுதாகும் தட்டின் உள்ளடக்கத்தை எஞ்சிய தட்டுகளிலிருந்து மீட்கும் வழியை அக்கட்டுரை ஐந்து படிகளாக வகுத்துக் கூறிற்று. மலிவான தட்டுகளின் மிகைகொண்ட வரிசை என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே ‘றெயிட்’ என்னும் பெயராயின. தட்டு வரிசைகளை விற்கத் தலைப்பட்ட வணிகர்க்கு ‘மலிவான’ என்னும் சொல் உவப்பாயிருக்கவில்லை போலும். பிற்காலத்தில் அதனைச் ‘சுதந்திரமான’ என்று மாற்றிக்கொண்டனர்.

மீட்கும் வழிகளுள் எளியது முதற்படி. எழுதுவதனைத்தையும் இரு தட்டுகளில் எழுதுதல். கண்ணாடியிற் காணும் உருப்போல ஒன்றுக்கொன்று நிகராயிருத்தலின் பிரதிபிம்ப முறை எனலாம். வாங்கிய தட்டுகளிற் பாதி பிரதிக்கே போய்விடும் என்பதே இதன் குறை.

ஐந்தாம் படி நுட்பம் மிக்கது. மூன்று தட்டுகளில் ஒரே வரிசையில் 1, 0, 1 என்னும் பிற்றுக்கள் உள்ளன என்க. நான்காம் தட்டில், வரிசை முழுவதிலும் உள்ள ஒன்றுகளின் தொகை இரட்டை எண்ணாகுமாறு ஒரு பிற்றை எழுதுக. ஈண்டு ஒன்றுகள் இரண்டு, முன்னரே இரட்டை, ஆகவே நான்காவது 0. இதனைப் ‘பாரிட்டி’ என்பர். இனி இரண்டாந் தட்டு பழுதாயிற்று. எஞ்சியவை 1, 1, 0. ஒன்றுகளின் தொகை இரட்டையே. எனவே இழந்தது 0. முதற்றட்டு போயிருப்பின் எஞ்சியவை 0, 1, 0, தொகை ஒற்றை, எனவே இழந்தது 1. எத்தட்டு போயிற்று என்பது தெரிந்தால் மட்டும் போதும், அதிலிருந்தது யாதெனக் கணித்துவிடலாம். எட்டுத் தட்டுகளுள் ஒன்றின் இடத்தை மட்டுமே இதற்குக் கொடுக்கின்றோம்; ஏழு நமக்கே. உயர்தர வகுப்பு மாணவர் எக்ஸ்-ஓர்ப் படலையெனப் படிக்கும் அதே கணிதம் இது. பரீட்சைக்கு அப்பாலும் அதற்குப் பயன் உண்டு என அறிக.

நான்காம் படியிற் பாரிட்டி முழுவதும் ஒரே தட்டில் இருந்தது. எத்தட்டில் எதை எழுதினும் பாரிட்டித் தட்டிலும் எழுத நேர்தலின், திருவிழாவன்று ஒரே வாயிலில் ஊரே நெருக்குண்டதுபோல யாவும் அங்கே தேங்கின. ஐந்தாம் படியிலே பாரிட்டி தட்டுக்குத் தட்டு மாறி மாறி அமைவதால் அந்நெருக்கடி தணிந்தது. எனினும் ஒரு சிறு மாற்றத்தை எழுதப் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதிய தரவையும் புதிய பாரிட்டியையும் எழுதல் வேண்டும், நான்கு செயல்கள். மின்வெட்டை நன்கறிந்த நமக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும்: தரவை எழுதியபின், பாரிட்டியை எழுதுமுன் மின்சாரம் நின்றால்? இரண்டும் முரண்படும், பின்னொருநாள் தட்டு பழுதாகும்போது பொய்யான தரவு மீட்கப்படும். இதன்பொருட்டே பெரிய வரிசைகளில் எழுதவேண்டியதை முதலில் மின்கலத் துணையுள்ள நினைவகத்தில் ஏற்றுகின்றனர். கட்டுப்படுத்திகளும் இரண்டு; ஒன்றில் ஏற்றியதன் பிரதி மற்றதிலும் இருக்கும்.

இதுகாறும் கூறியது மெய்த்தட்டுகளின் கதை. தரவுத்தளமோ மின்னஞ்சலோ நடத்தும் சேவையகக் கணினிக்கு இவையொன்றும் தெரியா. அதன் கண்ணுக்குப் புலப்படுவது ‘லொஜிக்கல் வொலியூம்’ எனப்படும் தருக்கத்தட்டு ஒன்றே. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. பல பரப்புக் கொண்ட ஒரு பெருந்துண்டிலே ஒருவருக்கு ‘பிரிபடாத பங்கு’ இத்தனை பரப்பு, அதனோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் என உறுதி எழுதப்படும். எம்மண் அவர் மண் என்று காலால் மிதித்துக் காட்ட இயலாது. ஆயினும் அவர் உரிமையில் ஐயமில்லை. சேவையகத்தின் கையில் இருப்பதும் அத்தகைய ஓர் உறுதியே. உவமை முற்றும் பொருந்துவதன்று. ஒவ்வொரு துண்டும் எத்தட்டில் எவ்விடத்தில் உள்ளது என்பதைக் கட்டுப்படுத்தி தன் பேரேட்டில் துல்லியமாக எழுதி வைத்திருக்கின்றது. உரியவர்தாம் அறியார்.

ஐ.பி.எம். நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட டீ.எஸ். 8000 வரிசையை எடுத்துக்கொள்வோம். முதலில் எட்டுத் தட்டுகள் ஒரு குழுவாகும். ஐந்தாம் படியிலாயின் அவற்றுள் ஆறு தரவுக்கும் ஒன்று பாரிட்டிக்கும் ஒன்று பழுது நேர்ந்தால் உடனே இடம்பிடிக்கக் காத்திருக்கும் மாற்றுத்தட்டுக்கும் ஆகலாம். மாற்றுத்தட்டு வேண்டாத குழுவில் ஏழும் ஒன்றுமாகும். இவ்வாறு காப்புப் பெற்ற குழுவின் இடம் முழுவதும் 1 கிகாபைட்டு அளவான துண்டங்களாக வெட்டப்படும். பல குழுக்களின் துண்டங்கள் ஒரு பொதுத் திரளிற் சேரும். ‘200 கிகாபைட்டுத் தருக்கத்தட்டு ஒன்று தருக’ என்று நிருவாகி கேட்டால், அத்திரளிலிருந்து 200 துண்டங்களை எடுத்துக் கோத்து ஓர் எண்ணிட்டுச் சேவையகத்தின் பெயரில் எழுதிவிடும். துண்டங்களைக் குழுவுக்கு ஒன்றாக மாறி மாறி எடுத்தால் பல குழுக்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். வழிவாய்க்காலும் இரண்டாக அமைப்பர். ஒரு வடம் அறுந்தால் மற்றதன் வழியே தரவு பாயும்.

1999இல் தொடங்கி 2010இல் எச்.பி. நிறுவனத்தின் கைக்கு மாறிய திறீபார் என்னும் நிறுவனம் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. தட்டுகளைக் குழுவாக்கிப் பின் வெட்டாமல், ஒவ்வொரு தட்டையும் முதலிலேயே 256 மெகாபைட்டுச் சிறுதுண்டங்களாக வெட்டி, வெவ்வேறு தட்டுகளின் சிறுதுண்டங்களைச் சேர்த்து றெயிட் குழு அமைத்தது. இதனால் ஒரே தட்டில் ஒரு பகுதி பிரதிபிம்ப முறையிலும் மறுபகுதி ஐந்தாம் படியிலும் இருக்கலாம். மாற்றுத்தட்டு என ஒன்றைச் சும்மா ஓட்டி வைக்கவும் வேண்டுவதில்லை. மாற்றிடம் எல்லாத் தட்டுகளிலும் சிறிது சிறிதாக ஒதுக்கப்பட்டிருக்கும். இவ்வமைப்பே சிறந்தது என்பது என் கருத்து. காரணம் அடுத்து வருவது.

பழுதான தட்டுக்குப் பதிலாக 10 டெராபைட்டுத் தட்டொன்றைப் புதிதாக நிரப்பவேண்டும் எனக் கொள்வோம். நொடிக்கு 200 மெகாபைட்டு வேகத்தில் இடைவிடாது எழுதினாலும் 50,000 நொடி, அஃதாவது ஏறத்தாழ 14 மணிநேரம் ஆகும். வரிசை தன் அன்றாட வேலையையும் செய்துகொண்டே நிரப்புமாதலின் மெய்யாக ஆகும் காலம் இதனினும் நீளும். அக்காலமெல்லாம் ஐந்தாம் படி வரிசைக்குக் காப்பில்லை. இன்னொரு தட்டு போனால் யாவும் போம். ஒரே நாளில் வாங்கி ஒரே சூட்டில் ஒரே அளவு ஓடிய தட்டுகள் அடுத்தடுத்துப் பழுதாதல் அரிதன்று. மீட்கும் வேலையைப் பல தட்டுகளுக்குப் பங்கிட்டால் அபாயக்காலம் குறுகும். இரண்டு பாரிட்டி கொண்டு இரு தட்டிழப்பையும் தாங்கும் ஆறாம் படி பெருந்தட்டுகளோடு பரவியதும் இதனாலேயே.

நான் சில காலம் பணிசெய்த ஓர் அலுவலகத்திலே தட்டு வரிசை குளிரூட்டிய அறையொன்றிற் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. ஒரு தட்டு பழுதாகிச் செம்மஞ்சள் விளக்கு மினுக்கத் தொடங்கியது, காண்பார் எவருமிலர். வரிசை தன் கடமையைச் செவ்வனே செய்தமையால் வெளியில் ஒரு குறையும் தோன்றவில்லை. சில மாதங்களின் பின் இரண்டாந் தட்டு பழுதாயிற்று. வேறிடத்தில் இருந்த பிரதியோ முந்திய மாதத்தது. ஒரு மாத வேலையை நாங்கள் கடதாசிகளைப் பார்த்து மறுபடி கையால் ஏற்றினோம். மாற்றுத்தட்டு ஒன்றுக்குச் செலவிட மனமின்றி விட்டதன் பலன் அது.

இனி முன்னர்க் குறித்த இடத்துக்கு வருவோம். தட்டொன்று பழுதாகும்போது வேலை நில்லாது தொடர்வதற்கே றெயிட் ஏற்பட்டது. ஒருவர் தவறுதலாக ஒரு கோவையை அழித்தால், பிரதிபிம்பத் தட்டிலும் அது அக்கணமே அழியும். பாரிட்டியும் அழிவுக்கு ஏற்பத் திருத்தி எழுதப்படும். கோவைகளைப் பூட்டி மீட்புப்பணம் கேட்கும் கள்வனுடைய எழுத்தையும் அதே நேர்மையுடன் அது காத்துவைக்கும். தீ எழுந்தால் எட்டுத் தட்டும் ஒரே பெட்டியிலன்றோ உள்ளன? 1981இல் ஒரே கூரையின் கீழ் ஒரு நூலுக்குப் பத்துப் பிரதி இருந்திருப்பினும் பத்தும் எரிந்தே இருக்கும்.

நம் கல்லூரியின் பழைய மலர்களைப் படம்பிடித்துப் பேணுவது பற்றிப் பழைய மாணவரிடையே பேச்சு எழும்போதெல்லாம் ‘நல்ல தட்டு வரிசை ஒன்று வாங்கிக் கொடுப்போம்’ என்பார் உளர். கணக்கிட்டுப் பார்ப்போம். மலர் நூறு, மலரொன்றுக்கு 150 பக்கம், பக்கமொன்றுக்கு 10 மெகாபைட்டு எனக் கொண்டால் மொத்தம் 150 கிகாபைட்டே. கைப்பையில் அடங்கும் ஒரு சிறுதட்டு போதும். இரவும் பகலும் நில்லாது இயங்கவேண்டிய வேலையும் அன்று. ஒரு தட்டு பழுதானால் இரண்டு நாள் பொறுத்து வேறொன்று வாங்கலாம். ஆதலின் இதற்கு வேண்டுவது றெயிட் அன்று. மூன்று சிறுதட்டுகள் வாங்குக. ஒன்று கல்லூரி நூலகத்தில், ஒன்று கொழும்பில் உள்ள பழைய மாணவரிடத்தில், ஒன்று கடல் கடந்து இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ளவரிடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு கோவைக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்தெடுக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை மூன்று தட்டையும் உண்மையாகவே திறந்து, எண்கள் ஒத்திருக்கின்றனவா என ஒப்பிட்டு, ஒவ்வாத கோவையை மற்ற இரண்டிலிருந்து திருத்திக்கொள்ளலாம். அரைநாள் வேலை, பரிசளிப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில், உயர்தர வகுப்பு மாணவர் இருவரும் ஓர் ஆசிரியரும் இருந்தால் முடிந்துவிடும்.