மருந்து முடிந்த பிறகு

சீமைக் கருவேல முள் காலில் ஏறினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். வலிப்பதால்தான் வரப்பில் உட்கார்ந்து பிடுங்குகிறோம். தொழுநோய் பறித்துக்கொள்வது அந்த வலியைத்தான். கருவேலம் வெட்டவும் கரிமூட்டம் போடவும் கூலிக்குப் போகிற ஒருவருக்கு உள்ளங்கால் மரத்துவிட்டால், ஏறிய முள் ஏறினபடியே கிடக்கும். அது புண்ணாகும், சீழ் வைக்கும், எலும்பு வரை இறங்கும். கிருமி விரலைத் தின்றுவிடுவதாக ஊரில் சொல்வார்கள். அப்படியில்லை. உணர்ச்சியற்ற காலில் கவனிக்காமல் விட்ட புண்தான் விரலைக் கொண்டுபோகிறது. நல்ல செருப்பு வாங்கக் காசும், புண் ஆறும்வரை வீட்டில் இருக்க வழியும் உள்ளவர் காலைக் காப்பாற்றிக்கொள்வார். அன்றாடங்காய்ச்சிக்கு அது முடியாது. அவருக்கு எது நோய், எது வறுமை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மானாமதுரை தயாபுரம் தொழுநோய் மருத்துவமனை நூறாண்டு கடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், வைகைக் கரையோரமாகத் திருப்புவனம், மானாமதுரை வரை பள்ளியும் மருத்துவமும் நடத்தியது. வெல்லெஸ்லி பெய்லி 1874இல் தொடங்கிய தொழுநோயாளர் மிஷன்தான் இன்று தயாபுரத்தை நடத்துகிறது. அங்கே முதல் நோயாளிகள் சேர்ந்த காலத்தில் நோயைத் தீர்க்கும் மருந்தே கிடையாது. நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றுவார்கள்; வலி அதிகம், பலன் சொற்பம். குணமாக்க முடியாது என்று தெரிந்தும் சோறு போட்டு, புண் கழுவி, கட்டுப்போட்டுக்கொண்டு உடனிருந்தார்கள். அந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே காலத்தில் அரசின் கையில் இருந்தது 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம். ஏழை நோயாளியைப் பிடித்து அடைத்துவைக்க அது வழி செய்தது. ஏழையை மட்டும். பணக்கார நோயாளியை அப்படி அடைக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. 2016இல்தான் அதை நீக்கினார்கள்.

மருந்து வந்தது. 1940களில் டாப்சோன் குடும்பத்து மருந்துகள். பிறகு உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த கூட்டு மருந்து. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும். தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். மாத்திரை இலவசம். 2005 டிசம்பரில் இந்தியா, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டிவிட்டதாக அறிவித்தது. அந்த அறிவிப்போடு பலருடைய அக்கறையும் ஓய்ந்துபோனது. இன்றும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான் இருக்கிறார்கள்.

மருந்து முடிந்த பிறகு என்ன என்பதுதான் என் கேள்வி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டுக்கும் இது எதிர்ப்பட்டது. கொல்லிமலையில் பிறந்த அந்த மருத்துவர், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். கை நேரானவர்கள் திரும்பி வந்து சொன்ன சேதி, பிச்சை விழுவது குறைந்துவிட்டது, வேலையோ யாரும் தருவதில்லை என்பதே. அதன் பின்தான் நவஜீவ நிலையம் என்று ஓர் இடம் அமைத்து, தச்சு முதலிய தொழில்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். கையைச் சரிசெய்வது மருத்துவர் வேலை. அந்தக் கைக்கு வேலை கொடுக்க வேண்டியது ஊர்.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தொழுநோயாளி ஒருவர் இயேசுவிடம் வருகிறார். யாரும் தொடக்கூடாதவரை இயேசு தொடுகிறார், குணமாக்குகிறார். பிரசங்கங்கள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். கதை முடியவில்லை. குருவிடம் போய் உன்னைக் காட்டு என்று அவரை அனுப்புகிறார். ஒதுக்கப்பட்டவர் சுத்தமானார் என்று அறிவித்து மறுபடி ஊருக்குள் சேர்க்கும் அதிகாரம் அன்று குருவிடம் இருந்தது. நலம் பெற்ற மனிதர் தன் தெருவுக்கும் தன் வீட்டுத் திண்ணைக்கும் திரும்ப வேண்டும் என்பது அந்தக் கட்டளைக்குள் இருக்கிறது. சபைக்கு இட்ட வேலை அதுதான் என்று நான் நம்புகிறேன். அதில்தான் சபை பின்தங்கி நிற்கிறது.

ஒரு சான்று சொல்கிறேன். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தை 2001இல் திருத்தினார்கள். பெண்களுக்கு நியாயம் செய்த, வரவேற்க வேண்டிய திருத்தம். ஆனால் அதில்தான் தீராத தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாகப் புதிதாய் நுழைந்தது. தீர்க்கும் மருந்து வந்து சுமார் இருபது ஆண்டு ஆன பிறகு! தயாபுரத்தையும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையையும் நடத்துகிற சமயத்தாரின் குடும்பச் சட்டத்தில் இது ஏறியபோது, கோயில் பீடங்களிலிருந்து பெரிய எதிர்ப்பு எழுந்திருக்க வேண்டும். 2015இல் சட்ட ஆணையம் தன் 256ஆவது அறிக்கையில் இத்தகைய பாகுபாடுகளைப் பட்டியலிட்டது. 2019இல் நாடாளுமன்றம் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவச் சட்டங்களிலிருந்து அந்த மணமுறிவுக் காரணத்தை எடுத்துப்போட்டது.

ஒதுக்குவது தொழுநோயோடு நிற்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் இருப்பது நாடறிந்த சேதி. பள்ளிக்கூடமும் விடுதியும் கட்டித் தலித் பிள்ளைகளைப் படிக்கவைத்த அதே திருச்சபை, செத்த பிறகும் அவர்களைத் தனியே படுக்கவைக்க இடம் கொடுத்தது. அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு ஏழைகளுக்கான உண்டியலில் காசு போட எனக்குக் கை வராது.

கொடுப்பது எங்கள் சிவகங்கைச் சீமைக்குப் புதிதல்ல. மருதுபாண்டியர் சருகணி தேவாலயத்துக்கு மானியம் விட்டார்கள். நகரத்தார் வியாபாரத்தில் மகமை எடுத்துவைத்துச் சத்திரமும் பள்ளியும் கட்டினார்கள். அதே சருகணியில் 1973இல் மறைந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி லூயி லெவேயை மக்கள் இன்றும் நினைப்பது அவர் என்ன கொடுத்தார் என்பதற்காக மட்டுமல்ல, தங்களில் ஒருவராக இருந்தார் என்பதற்காக.

ஜனவரிக் கடைசி ஞாயிறு உலகத் தொழுநோய் நாள். பல ஆலயங்களில் அன்று சிறப்புக் காணிக்கை எடுப்பார்கள். எடுக்கட்டும். அதோடு, மருந்து முடித்து வந்த ஒருவரைப் பீடத்தருகே அழைத்து வாசகம் வாசிக்கச் சொல்லலாம். பங்குப் பள்ளியில் காவலாளி வேலையோ தோட்ட வேலையோ அவருக்குக் கொடுக்கலாம். அவர் பிள்ளைக்கு வரன் தேடும்போது பங்குத்தந்தை கூடப்போய்ப் பேசலாம். மரத்த காலுக்கு மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு தேய்ந்துவிட்டதா, தினமும் காலை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுகிறாரா என்று இளைஞர் குழு வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். போனவர்கள் அங்கேயே ஒரு வாய் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வரவேண்டும். உண்டியலை விட அது அந்த வீட்டுக்குப் பெரிது.

இன்னொன்று: தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை இருந்து, அதில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சீக்கிரம் காட்டினால் கையும் காலும் கெடாது.